வேலிக்கு வெளியில் வைத்த பிள்ளை

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், கடைசியில் ஏமாற்றிவிட்டான் என்று யாரும் என்னைத் திட்டக்கூடாது. இந்தக் கதையில் எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது ஒரே ஒரு பொருள்தான். கைப்பிடி இல்லாத ஒரு வெள்ளைப் பீங்கான் கப்பு.

விருத்தாசலத்தில் தெரிந்தவர் ஒருவருடைய அடக்கத்துக்குப் போயிருந்தேன். சாமியார் ஜெபம் சொல்லி முடிக்கிற வழியாக இல்லை. வெயில் மண்டையைப் பிளந்தது. மெதுவாக நழுவி, கல்லறைத் தோட்டத்து வேலியைத் தாண்டி, முந்திரி மரத்து நிழலில் ஒதுங்கினேன். அங்கே மண்ணில் பாதி புதைத்துக் கவிழ்த்து வைத்திருந்தது அந்தக் கப்பு. சும்மா இருக்காமல் செருப்புக் காலால் தட்டப் போனேன். பின்னால் வந்து நின்ற ஒருவர், "அத்த மிதிக்காதீங்க, அது கொழந்த" என்றார். யார் குழந்தை, ஏன் வேலிக்கு வெளியே என்று கேட்பதற்குள் அவர் குழியில் மண் போட உள்ளே போய்விட்டார்.

மீதி எல்லாம் நான் கட்டினது. கட்டினதுதானே என்று விட்டுத் தொலைக்கவும் முடியவில்லை. சோறு இறங்கவில்லை, போங்கள்.

2

முதல் ஆரம்பம் இப்படி எழுதினேன்: "மெய்யான திருச்சபை எது என்ற கேள்வி, கிறிஸ்துவின் சீடர்கள் காலம் தொட்டே—" அடித்துவிட்டேன். கட்டுரைப் போட்டிக்கா எழுதுகிறேன்?

இரண்டாவது: "சூளையின் கதவு திறந்தபோது அந்த வெக்கையில் பிலோமின்ராஜின் முகம்—" இதுவும் வேண்டாம். விருத்தாசலம் பீங்கான் கம்பெனிகள் உள்ள ஊர் என்றதும் சூளையைத் திறந்துவிட வேண்டுமா? பிள்ளையின் அப்பன் பிலோமின்ராஜ் சூளையில் வேலை பார்க்கிறவனே இல்லை. கிளேஸ் தொட்டியில் கப்புகளை முக்கி எடுக்கிறவன். பீங்கானுக்கு மேலே பளபளப்பு ஏறுவதற்கு, வெந்து முடிந்ததும் கண்ணாடியாகிற ஒரு வெள்ளைக் குழம்பில் முக்குவார்கள், அந்த வேலை.

மூன்றாவது ஆரம்பத்தை வைத்துக்கொள்கிறேன். வேறு வழியில்லை.

அறுபத்தொன்பதாம் வருஷம், பங்குனி மாசத்து மத்தியானம், ஆஸ்பத்திரி. குறைமாசத்துப் பிள்ளை. ஆண். டாக்டர் பார்க்க வேண்டியதையெல்லாம் பார்த்துவிட்டுக் கையை விரித்துவிட்டார். பெற்றவள் அன்னாள் மயக்கத்தில் கிடந்தாள். பாஞ்சாலை என்கிற ஆயா பிள்ளையைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்து பிலோமின்ராஜ் கையில் கொடுத்து, முகத்தைப் பார்த்துக்கொள்ளச் சொன்னாள். பிள்ளை இழுத்து இழுத்து மூச்சு விட்டது. ஒவ்வொரு மூச்சுக்கும் நடுவில் அவனுக்கு உயிர் போய் உயிர் வந்தது.

கத்தோலிக்க வீட்டில் பிறந்த எல்லாருக்கும் இது தெரியும்: சாகக் கிடக்கிற பிள்ளைக்குச் சாமியார் வர நேரமில்லையென்றால், பக்கத்தில் இருக்கிறவர் யாரானாலும் ஞானஸ்நானம் கொடுக்கலாம். தலையில் தண்ணீர் ஊற்ற வேண்டும். ஊற்றும்போதே, 'பிதா சுதன் இஸ்பிரீத்து சாந்துவின் நாமத்தினாலே உனக்கு ஞானஸ்நானம் கொடுக்கிறேன்' என்று சொல்ல வேண்டும். (இஸ்பிரீத்து சாந்து என்றால் பரிசுத்த ஆவி, பழைய கோயில் பேச்சு.) தண்ணீரும் வேண்டும், வார்த்தையும் வேண்டும். ஒன்று தவறினால் செல்லாது. பிலோமின்ராஜ் சின்ன வயதில் ஞானோபதேச வகுப்பில் இதைத் தட்டாமல் ஒப்பித்து அந்தோணியார் படம் பரிசு வாங்கியவன்.

கைக்குக் கிடைத்தது அவனுடைய சாப்பாட்டுப் பையில் இருந்த கப்பு. கைப்பிடி ஒட்டாமல் போனதால் கம்பெனியில் கழித்துப் போட்டது. மூலையில் இருந்த குடத்தில் மொண்டான். பிள்ளையின் நெற்றியில் ஊற்றினான். அவன் வாய் அசைந்தது. அவன் சொன்னது:

"…………………………………………"

(இந்த வரியை நான் நிரப்பவில்லை. சோம்பல் இல்லை. அவனுக்கே தெரியாது. எனக்கு மட்டும் எப்படித் தெரியும்?)

அடுத்த மூச்சு வரவில்லை.

3

அவனுக்கு இரண்டு ஞாபகம் இருந்தது. ஒன்றில் அவன் அந்த வார்த்தைகளைச் சுத்தமாகச் சொல்கிறான். இன்னொன்றில் அவன் சொல்வது சாப்பாட்டு ஜெபம்: இந்த உணவை ஆசீர்வதித்தருளும் என்று. சிரிக்காதீர்கள். தினமும் மத்தியானம் கம்பெனி வேப்பமரத்தடியில் அதே கப்பில் தண்ணீரை வைத்துக்கொண்டு அவன் சொல்கிற ஜெபம் அது. கையில் கப்பு வந்ததும் வாய் தன் பாட்டுக்குப் பழகின வழியில் போயிருக்கலாம். பயத்தில் மனுஷன் என்ன சொல்கிறான் என்று அவன் காதே கேட்பதில்லை.

மறுநாள் அடக்கம். பங்குச் சாமியார் வெளியூர் போயிருந்ததால் கோயிலில் ஞானோபதேசம் சொல்லிக்கொடுக்கிற உபதேசியார் அருளானந்தம்தான் நின்று நடத்தினார். குழி வெட்டும் முன்னே கேட்டார்.

"தண்ணி ஊத்தினியா?"

"ஊத்தினேன்."

"வார்த்த சொன்னியா?"

பிலோமின்ராஜ் வாயைத் திறந்தான், மூடினான். உபதேசியார் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு மண்வெட்டிக்காரனுக்கு வேலிக்கு அந்தப் பக்கம் கையைக் காட்டினார். ஞானஸ்நானம் பெறாத பிள்ளைகளை மந்திரித்த மண்ணில் வைப்பதில்லை, வெளியேதான். அங்கேதான் வைத்தார்கள். அடையாளத்துக்கு அந்தக் கப்பைக் கவிழ்த்துவிட்டு வந்தான்.

(* அருளானந்தத்தை முதலில் கல்நெஞ்சக்காரராக எழுதியிருந்தேன். அப்புறம்தான் உறைத்தது: அந்த மனுஷன் கேள்வி கேட்டுவிட்டு, 'ஆமாம்' என்று ஒரு சொல் வரட்டும் என்றுதான் அவ்வளவு நேரம் காத்துக்கொண்டு நின்றிருக்கிறார். ஆகவே மாற்றிவிட்டேன்.)

4

அந்தப் பிள்ளைகள் எங்கே போகும்? சிறு வயதில் படித்தது அவனுக்கு மனப்பாடம். நரகமில்லை. மோட்சமும் இல்லை. வலி கிடையாது, சர்வேசுரனுடைய முகத்தைப் பார்க்கவும் கிடையாது. நடுவில் ஓர் இடம். அங்கே அம்மா வரமாட்டாள், அப்பா வரமாட்டார்.

அன்னாளிடம் அவன் ஒன்றையும் மறைக்கவில்லை. சொன்னேனா இல்லையா என்று தெரியவில்லை என்று உடைத்துச் சொல்லிவிட்டான். அவள் அழுதாள். அப்புறம் அழுகையை நிறுத்திவிட்டாள், அதுதான் அவனுக்குப் பயமாக இருந்தது. அடுத்த வருஷம் மறுபடி முழுகாமல் இருந்தாள். ஆறாம் மாசத்தில் ஒரு நாள், துவைத்த துணியை உதறிக் கொடியில் போட்டுக்கொண்டே, நாளைக்கு என்ன குழம்பு என்று சொல்கிற குரலில் சொன்னாள்.

"பெரியவன் எங்க இருக்கறான்னு தெரியாம இதுக்குத் தண்ணி ஊத்த விடமாட்டேன். அவன் அந்த எடத்துல இருந்தான்னா இதுக்கும் வேணாம். நானும் அங்கயே போறேன். அவன் தனியா நிக்கக் கூடாது."

பிலோமின்ராஜ் அவளிடம் சத்தம் போட்டான், கெஞ்சினான். அவள் துணியை உதறினாள்.

இதுதான் கதை. அவள் பிரசவத்துக்குள் அவன் ஒரு பதில் கொண்டுவந்தாக வேண்டும். இல்லையென்றால் இரண்டாவது பிள்ளையும் வேலிக்கு வெளியே.

5

இங்கேதான் 'மெய்யான சபையைத் தேடுதல்' வருகிறது. பெரிய வார்த்தை. பெரிய மனிதர்கள் இதைப் புஸ்தகம் புஸ்தகமாகத் தேடியிருக்கிறார்கள். நம்ம ஆள் சைக்கிளில் தேடினான். அவனுக்குப் பாப்பரசரும் வேண்டாம், மார்ட்டின் லுத்தரும் வேண்டாம். பிள்ளை எங்கே என்று எந்தச் சபைக்கு நிஜமாகத் தெரியுமோ அதுதான் மெய்யான சபை.

முதலில் தன் பங்குச் சாமியாரிடமே போனான். அவர் புதுசு, வயசு குறைவு. கோயிலில் அப்போதுதான் எல்லாம் மாறிக்கொண்டிருந்தது. லத்தீன் போய்த் தமிழ் வந்தது. பீடத்தைப் பார்த்து நின்ற சாமியார் ஜனங்களைப் பார்த்துத் திரும்பி நின்றார். சாமியார் அவன் தோளில் கைவைத்து, ஆண்டவர் இரக்கமுள்ளவர், அவர் கையில் விட்டுவிடு என்றார். அப்படியானால் பிள்ளையை உள்ளே மாற்றி வைக்கலாமா என்று இவன் கேட்டான். அதற்கு அவர் மேலே கேட்க வேண்டும் என்றார். இவனுக்குக் குழப்பம் கூடிப்போனது. பூசையே மாறலாமென்றால் அந்த நடு இடமும் மாறியிருக்குமா? மாறியிருந்தால், நேற்றுப் போனவனுக்கும் சேர்த்தா மாறியிருக்கும்?

கம்பெனியில் கூட வேலை பார்த்த ஜெயராஜ் லுத்தரன். அவன் தங்கள் ஐயரிடம் கூட்டிக்கொண்டு போனான். (அங்கே போதகரை ஐயர் என்பார்கள், வேறு யாரையோ நினைத்துக்கொள்ளாதீர்கள்.) நல்ல மனுஷர், காப்பியெல்லாம் கொடுத்தார். நாங்களும் குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுக்கிறவர்கள்தான், ஆனால் கொடுக்க முடியாமல் போன பிள்ளையைக் கடவுள் கைவிடுவார் என்று சொல்ல எங்களுக்கு அதிகாரமில்லை என்றார். கைவிடமாட்டார் என்று சொல்ல அதிகாரம் இருக்கிறதா என்று பிலோமின்ராஜ் கேட்டான். அவர் யோசித்தார். யோசித்ததுமே இவன் எழுந்துவிட்டான்.

ஜங்ஷன் பக்கம் கீற்றுக் கொட்டகையில் பெந்தெகொஸ்து சபை. அங்கே யாரும் யோசிக்கவில்லை. பாஸ்டர் அவன் கையைப் பிடித்துக்கொண்டு, பிள்ளை மோட்சத்தில் இருக்கிறது, சின்னப் பிள்ளைக்குத் தண்ணீரே தேவையில்லை என்று அடித்துச் சொன்னார். தண்ணீர் தேவைப்படுவது உனக்குத்தான் தம்பி, உனக்குச் சின்னதில் தலையில் தெளித்தது ஞானஸ்நானமே இல்லை, மணிமுத்தாற்றில் தண்ணீர் வரட்டும், முழுக்கு எடு என்றார். ஜெயராஜ் இதைக் கேட்டுவிட்டு, முக்கி எடுத்தால்தான் கிளேஸ் சமமாக ஏறும், தெளித்தால் திட்டுத் திட்டாக நிற்கும், அவர் சொல்வது நம்ம தொழிலுக்குச் சரிதானப்பா என்று கிண்டல் செய்தான்.

(* இந்தக் கிளேஸ் உவமையை நான் மூன்றாவது பக்கத்திலேயே உபயோகப்படுத்தத் துடித்துக்கொண்டிருந்தேன். நல்லவேளை, ஜெயராஜ் முந்திக்கொண்டு அதைக் கெடுத்துவிட்டான்.)

திட்டக்குடி பஸ்ஸில் பை நிறையப் புஸ்தகத்தோடு ஒருவர். சனிக்கிழமை ஓய்வுநாள் ஆசரிக்கிற சபைக்காரர். அவர் சொன்னது இன்னும் புதுசு: செத்தவர்கள் எங்கேயும் போவதில்லை, ஆண்டவர் வருகிறவரைக்கும் தூங்குகிறார்கள், அவ்வளவுதான். பிள்ளை தூங்குகிறது. இது பிலோமின்ராஜுக்குப் பிடித்திருந்தது. அன்றைக்கு நிம்மதியாக வீட்டுக்குக் கிளம்பினான். வழியில் அந்த முந்திரி மரத்தைப் பார்த்ததும் நிம்மதி போய்விட்டது. தூங்குகிற பிள்ளையை யாராவது வெளியே போட்டு வைப்பார்களா?

கேட்ட அத்தனையையும் அன்னாளிடம் வந்து ஒப்பித்தான். பெந்தெகொஸ்து பதிலைச் சொல்லும்போது அவன் முகத்தில் வெளிச்சம் இருந்தது. அங்கேயே போய்ச் சேர்ந்துவிடலாம் என்றான். அவள் கேட்டாள்:

"நாம சபை மாறினா புள்ளயும் எடம் மாறிடுமாங்க?"

இந்த ஒரு வரியை எழுதிவிட்டு நான் பேனாவை மூடி வைத்துவிட்டேன், அப்புறம் பல நாள் திறக்கவேயில்லை.

6

நீங்கள் கேட்கப்போவது தெரியும். ஏனய்யா, 'சொன்னேன்' என்று ஒரு பொய்யைச் சொல்லிவிட்டுப் போகவேண்டியதுதானே இந்த ஆள்?

நானும் அதைத்தான் கேட்டேன். ஒரு பிரதியில் அவனைப் பொய் சொல்லவும் வைத்தேன். 'திடீர்னு ஞாபகம் வந்துது அன்னாளு' என்று சொன்னான். ஒரு பக்கம் வரைக்கும் எல்லாரும் சந்தோஷமாக இருந்தார்கள். அப்புறம் அவன் சாப்பிட உட்கார்ந்தான், கதை அங்கேயே நின்றுவிட்டது. ஏனென்றால் பிள்ளை போனதிலிருந்து அவன் சாப்பாட்டு ஜெபம் சொல்வதில்லை. அந்த வார்த்தைகள் வாயில் வந்தாலே கையில் பிள்ளையின் கனம் தெரிகிறது. ஜெபம் சொல்லாமல் சாப்பிடுகிறவனை அன்னாள் எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருக்கிறாள். இவளிடம் பொய் எத்தனை நாள் நிற்கும்? கிழித்துவிட்டேன்.

கிழித்தபோதுதான் எனக்கே நினைவு வந்தது. அந்த அறையில் இன்னொரு ஆள் இருந்ததே!

7

பிள்ளையைக் கையில் கொடுத்த ஆயா பாஞ்சாலை, வேலையை விட்டுவிட்டு மங்கலம்பேட்டையில் மகள் வீட்டில் இருந்தாள். அன்னாளுக்கு மாசம் நெருங்கிவிட்டது. இந்தத் தடவையும் முன்னாலேயே வந்துவிடுமோ என்ற பயம் வேறு. பிலோமின்ராஜ் அன்னாளிடம் சொல்லிவிட்டுக் காலையிலேயே பஸ் ஏறினான்.

பஸ்ஸில் உட்கார்ந்தபடி ஒத்திகை பார்த்தான். பார்க்கவைத்தது நான்தான். வார்த்தைகளை நீயாக எடுத்துக் கொடுத்துவிடாதே, 'ஆயா, நான் என்ன சொன்னேன்?' அவ்வளவுதான் கேட்க வேண்டும், மேலே ஒரு எழுத்துக் கூடாது என்று படித்துப் படித்துச் சொன்னேன். அவனும் தலையை ஆட்டினான். நான் என்ன சொன்னேன், நான் என்ன சொன்னேன் என்று முணுமுணுத்துக்கொண்டே வந்தான். பக்கத்து சீட்டுக்காரர் தள்ளி உட்கார்ந்தார்.

பாஞ்சாலை வாசலில் மணிலாக்கொட்டை, அதாவது வேர்க்கடலை, உரித்துக்கொண்டிருந்தாள். இவனை நிமிர்ந்து பார்த்தாள். யார் என்று கேட்கவில்லை.

"கைப்பிடி இல்லாத கப்புல தண்ணி ஊத்தின தம்பி இல்ல நீங்க?"

இதை அவன் எதிர்பார்க்கவில்லை. சத்தியமாக நானும்தான். ஞாபகம் இருக்கிறது! இவளுக்கு எல்லாம் ஞாபகம் இருக்கிறது! அவனுக்குக் கண் நிரம்பியது, பஸ்ஸில் படித்த பாடமெல்லாம் எங்கே போனதோ. நான் வேண்டாம் வேண்டாம் என்று கத்துவதற்குள் கேட்டுவிட்டான்.

"ஆயா, பிதா சுதன் இஸ்பிரீத்து சாந்துவின் நாமத்தினாலேன்னுதான நான் சொன்னேன்?"

போச்சு.

பாஞ்சாலையின் கை நின்றது. அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். அந்த ஆஸ்பத்திரியில் எத்தனையோ அப்பன்களின் முகத்தைப் பார்த்த கண்.

"ஆமா தம்பி. அதான் சொன்னீங்க."

"நெசமாவா ஆயா?"

"என் காதால கேட்டேன்."

மறுபடி மணிலாக்கொட்டையை எடுத்து உரிக்க ஆரம்பித்தாள். அப்புறம் வேறு குழந்தை பிறந்ததா, அன்னாள் எப்படி இருக்கிறாள் என்று விசாரித்தாள். அவன் ஏதோ சொன்னான். டீ குடித்துவிட்டுத்தான் போகவேண்டும் என்றாள், குடித்தான். தெருமுனை திரும்பும்போதுதான் அவனுக்குத் தான் செய்த காரியம் விளங்கியது. எடுத்துக் கொடுக்காமல் கேட்டிருந்தால் அவள் என்ன சொல்லியிருப்பாளோ, அது இனிமேல் யாருக்கும் கிடைக்காது. திரும்பிப் போய், "ஆயா, நான் எடுத்துக் கொடுத்ததால சொன்னியா?" என்று கேட்கலாம். அதற்கும் அவள் அவன் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்வாள்.

8

இப்போது முடிவு. மூன்று எழுதி வைத்திருக்கிறேன், மூன்றையும் நினைத்தால் எனக்கு நடுக்கமாக இருக்கிறது.

முதல் முடிவு: பாஞ்சாலை சொன்னது நிஜம். கப்பை ஞாபகம் வைத்திருக்கிறவளுக்கு வார்த்தை ஞாபகம் இருக்காதா? சாமியார் ஒத்துக்கொண்டு, வேலியை முந்திரி மரத்துக்கு அப்பால் தள்ளிப் போட்டு மந்திரிக்கிறார். அழகான முடிவு. ஆனால் நான் என் கண்ணால் பார்த்தேனே, அந்தக் கப்பு இன்னும் வேலிக்கு வெளியேதான் இருக்கிறது. யாரும் தள்ளிப் போடவில்லை.

இரண்டாவது: பிலோமின்ராஜ் போனதும் பாஞ்சாலையின் மகள், இவ்வளவு நாளாயிற்றே, நிஜமாகவே கேட்டாயா அம்மா என்று கேட்கிறாள். பாஞ்சாலை சொல்லுகிறாள்: "எனக்கு எங்க… அந்தத் தம்பி—" இதற்கு மேல் எழுதக் கை வரவில்லை.

மூன்றாவது: கதையைப் பின்னுக்குத் தள்ளி, அவனை மறுபடி பஸ் ஏற்றி, இந்தத் தடவை சரியாகக் கேட்க வைக்கிறேன். "ஆயா, நான் என்ன சொன்னேன்?" பாஞ்சாலை வாயைத் திறக்கிறாள். அவள் வாயில் நான் எதை வைத்தாலும் அது நான் வைத்ததுதானே? அவனாவது பயத்தில் எடுத்துக் கொடுத்தான். நான் தெரிந்தே எடுத்துக் கொடுக்கிறவன். எந்தப் பிரதி மெய்யானது என்று என்னைக் கேட்காதீர்கள், எனக்கும் தேடிச் சலித்துவிட்டது.

ஆகவே முடிவை எழுதாமல், நடந்ததை மட்டும் சொல்லிவிட்டு நகர்ந்துகொள்கிறேன். அவன் வீட்டுக்கு வந்தபோது வீடு பூட்டியிருந்தது. வலி கண்டுவிட்டது, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விட்டார்கள் என்று அண்டை வீட்டில் சொன்னார்கள். ஓடினான். பழைய அறைதான். குடம் இருந்த மூலையில் குடம் இருந்தது. பிள்ளை பிறந்துவிட்டது. பெண். சின்னதாக இருந்தது, அழுகை மெலிசாக இருந்தது. டாக்டர் ஒன்றும் சொல்லாமல் ஸ்டெதாஸ்கோப்பை மறுபடி மறுபடி வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். புது ஆயா ஒரு டம்ளரில் தண்ணீர் மொண்டு அவன் கையில் கொடுத்தாள். எதற்கென்று அவளுக்குத் தெரியாது, ஓடி வந்த மனுஷன் குடிக்கட்டும் என்று கொடுத்தாள்.

அவன் டம்ளரோடு கட்டிலண்டை போனான். அன்னாள் பிள்ளையைச் சேலைக்குள் இழுத்து மூடிக்கொண்டாள். அப்புறம் கேட்டாள்.

"சொன்னீங்களாமா?"

இரண்டாம் பகுதியில் நான் நிரப்பாமல் விட்ட வரி அப்படியே இருக்கிறது. அங்கே என்ன வரும் என்று இப்போது நீங்கள்தான் எழுதவேண்டும். சீக்கிரம் எழுதுங்கள், பிள்ளைக்கு மூச்சு இழுக்கிறது. அன்னாள் உங்கள் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.